கயிறு போடும் முன் பார்க்க ஒரு ட்ரோன்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒக்கலிபுரத்திலிருந்து கிளம்பினோம். நானும் ராணியும். ராணி, என்னோடு கயிற்றில் வேலை செய்த சேகரின் மனைவி. முதலில் எஸ்.பி. ரோடு. அங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி. திரும்ப வீடு. பெங்களூருக்குள்ளேயே சுற்றியதுதான், ஆனாலும் போக வர நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் தடவை ட்ரோன் வாங்குகிறவர்களுக்கு உதவும், எழுது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். நான் ஆறாவது வரை படித்தவன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிப்பதும் கண்ணாடி துடைப்பதும் எங்கள் தொழில். மொட்டை மாடியில் கயிறு கட்டி, பலகையில் உட்கார்ந்து இறங்குவோம். இந்த ஊர்க் கட்டடங்களில் பெரிய தேனீ கூடு கட்டும். கன்னடத்தில் ஹெஜ்ஜேனு என்பார்கள். ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சஜ்ஜாவின் அடிதான் அதற்குப் பிடித்த இடம். மேலே இருந்து பார்த்தால் சஜ்ஜா மறைக்கும். கீழே இருந்து பார்த்தால் ஏசி பெட்டி மறைக்கும். இறங்குகிறவன் அதற்கு நேராக வந்த பிறகுதான் பார்ப்பான். போன வருஷம் சேகர் அப்படித்தான் பார்த்தான். கூடு கலைந்து மொய்த்துக் கொட்டியது, நாங்கள் மேலே இழுத்தோம். மாடிக்கு வந்து சேர்வதற்குள் போய்விட்டான்.

சேகரின் தம்பி குமார் இப்போது எங்கள் செட்டில் இருக்கிறான். அடுத்த வியாழக்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பதினான்கு மாடி அபார்ட்மென்டில் பெயின்ட் வேலை. முதலில் இறங்க வேண்டியவன் குமார். இது தெரிந்ததும் ராணி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"வெளியிலேர்ந்து யாராச்சும் பாக்காம அவன எறக்குனீங்க, நானே மாடிக்கு வந்து கயித்த அறுத்துப் போட்டுடுவேன்."

"அறுத்தா அவன் விழுவாம்மா."

"எறங்குறதுக்கு மின்னாடி அறுப்பேன்ணா. அவ்ளோ அறிவு இருக்குது எனக்கு."

அதனால்தான் ட்ரோன். செட்டுப் பொதுப் பணத்தில் அறுபதாயிரம் எடுத்துக்கொண்டேன். ராணி தானும் வருவேன் என்றாள்.

எஸ்.பி. ரோட்டுக்கு ஆட்டோ. எண்பது ரூபாய். டிரைவர் கன்னடக்காரர், நல்ல தமிழ் பேசினார்.

"எஸ்.பி. ரோட்ல என்னா, செல்லா, கம்ப்யூட்டரா?"

"பறக்குற கேமரா" என்றாள் ராணி.

"ஓ, கல்யாணமா?"

"இல்ல."



கடைகள் பத்து மணிக்குத்தான் திறந்தன. அதுவரை ஒரு காபிக் கடை ஓரம் நின்றோம். காபி பதினைந்து ரூபாய். எஸ்.பி. ரோடு நேரான தெருதான், ஆனால் கடைகள் சந்துக்குள் சந்தாகப் போகும். நாங்கள் போன கடை ஒரு மாடிப்படிக்கு மேலே. ஒரு ஆள் இறங்கினால் இன்னொரு ஆள் ஏற முடியாது. கடைக்காரர் ஒரு பாய். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார்.

"எதுக்குண்ணா? கல்யாணமா, ரீல்ஸா, நெலம் பாக்கவா?"

"செவத்தப் பாக்க."

"செவத்தயா?" கண்ணாடியை இறக்கிப் போட்டு என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு மூன்று பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

முதல் பெட்டி ஆறாயிரத்து ஐந்நூறு. ராணி அதைத் தூக்கிப் பார்த்தாள். "இதுலயே 4கே-ன்னு போட்டிருக்குதே பாய்?"

"பொட்டில இன்னா வேணா போடலாம்மா. கல்யாண மண்டபத்துக்குள்ள ஓட்டலாம். எட்டாவது மாடி காத்துல வுட்டா ஒசூர் தாண்டிப் போயிடும். அப்பறம் தமிழ்நாட்ல போய்த் தேடணும்."

கடைசிப் பெட்டி ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் லென்ஸ் உண்டு. ஆனால் எடை கால் கிலோவைத் தாண்டும். அதைத் தொழிலுக்கு ஓட்டப் பைலட் சர்டிபிகேட் வேண்டும், அதற்குப் பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்றார்.

"நீங்க எது வரைக்கும்ணா?"

"ஆறு."

"நான் பத்து பாஸ்" என்றாள் ராணி.

"அப்ப மேடம்தான் பைலட்" என்று பாய் சிரித்தார். விலைக்கே நாங்கள் ஆள் இல்லை. பெட்டியை மூடச் சொன்னேன்.

நடுவில் இருந்தது இருநூற்று நாற்பத்தொன்பது கிராம், அதற்குச் சர்டிபிகேட் வேண்டாம். மூன்று பேட்டரியோடு ஐம்பத்திரண்டாயிரம். கயிறு வாங்கும்போது கேட்பது மாதிரியே, நடுவில் கைவிட்டால் என்ன ஆகும் என்று இதற்கும் கேட்டேன். நடுவில் பேட்டரி தீர்ந்தால்? தீர்வதற்கு முன்பே கிளம்பின இடத்துக்குத் தானே திரும்பிவிடும் என்றார். ரிமோட்டை விட்டுவிட்டால்? நின்ற இடத்திலேயே நிற்கும். இறக்கை உடைந்தால் இந்தத் தெருவில் கிடைக்குமா?

"எங்கிட்டயே கெடைக்கும். மோட்டாரும் மாத்துவேன். வேற ஊருக்கு அனுப்பணும்னு சொல்ற கடைல வாங்கவே வாங்காதீங்க."

ராணிக்கு வேறு கேள்வி. எதிர்மாடிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. இறக்கைகளைக் கழற்றிவிட்டு, ட்ரோனை ஜன்னலோரம் கையில் பிடித்து அதைப் படம் எடுக்கச் சொன்னாள். பாய் வீடியோ எடுத்துக் காட்டினார். பெரிதாக்கினால் கலங்கியது. "போட்டோ எடு பாய்" என்றாள். போட்டோவைப் பெரிதாக்கியதும் துணியில் மாட்டிய கிளிப்பின் நிறம்கூடத் தெரிந்தது. "இது போதும்ணா" என்றாள். நீங்கள் கடைக்குப் போனாலும் அவர்கள் காட்டுகிற சூரியன் மறையும் வீடியோவைப் பார்க்காதீர்கள். எதிரில் இருக்கிற ஏதாவது ஒன்றைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்றேன். கடைவீதியில் பறக்கவிட முடியாது. வியாழக்கிழமை நாங்கள் இறங்கவேண்டிய அபார்ட்மென்டில் குடியிருக்கும் பிரபு என்ற தருமபுரிப் பையன் தான் ஓட்டிவந்த இதே மாதிரி ட்ரோனை முப்பத்தைந்தாயிரத்துக்கு விற்பதாகச் சொல்லியிருந்தான். ஐடி வேலை. ஓட்டிக் காட்டுகிறேன் என்றும் சொல்லியிருந்தான். சாயங்காலம் வருகிறோம் என்று பாயிடம் சொல்லிவிட்டு இறங்கினோம்.

மார்க்கெட்டில் பஸ் பிடித்தோம். மெட்ரோ இருக்கிறது. மேல்ரோட்டில் போகும் ஏசி பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் பெண்களுக்கு இலவசம் சாதா பஸ்ஸில்தான். ராணி ஆதார் அட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். எனக்கு முப்பது ரூபாய். பஸ் மேல்ரோட்டுக்குக் கீழேயே போனது. சில்க் போர்டு தாண்டியதும் தூண் தூணாக வந்துகொண்டிருந்தது, வானம் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம். ராணி தூங்கவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் மனிதர்களைவிட ஜன்னல்கள் அதிகம். பிரபு கேட்டில் காத்திருந்தான். அசோசியேஷனில் சொல்லிவைத்திருந்தான். அரசாங்கத்தின் ட்ரோன் மேப்பில் அந்த இடம் பச்சை, பறக்கவிடலாம் என்று போனில் காட்டினான். எல்லாரும் கிளம்பும் முன் அந்த மேப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். சிவப்பாக இருந்தால் எடுக்கவே கூடாது.

பின்பக்கப் புல்தரையில் பெட்டியைத் திறந்தான். முதல் வேலையாக ஒரு எண்ணை மாற்றினான்.

"தானா திரும்பி வர்றப்ப எவ்ளோ ஒசரத்துல வரணும்னு இதுல வெக்கணும்ணா. கம்பெனில முப்பது மீட்டர்னு வெச்சுக் குடுப்பாங்க. இந்தப் பில்டிங் அதவிட ஒசரம். மாத்தலைன்னா நேரா வந்து செவுத்துலதான் அடிக்கும். புதுசா வாங்குறவங்க பாதிப் பேரு இப்படித்தான் ஒடைப்பாங்க."

எழுபது மீட்டர் வைத்தான். ரிமோட்டை என்னிடம் கொடுத்தான். இரண்டு குச்சி, இரண்டு கட்டைவிரல். ட்ரோன் எழுந்து நின்றது. ஐந்தாவது மாடி உயரம் வரை ஒழுங்காகப் போனது. அப்போது காற்று தள்ளியது. எனக்குக் கை இறுகிவிட்டது. கயிற்றில் ஆட்டம் கண்டால் கை இறுக வேண்டும், இறுகாதவன் இத்தனை வருஷம் இருக்க மாட்டான். குச்சி என் விரலோடு முன்னால் போனது. ட்ரோன் சுவரைப் பார்த்துப் போனது.

"கைய எடுங்கண்ணா! விட்டுடுங்க! விட்டா அதுவே நிக்கும்!"

பிரபு சொன்னது காதில் விழுந்தது. கை விடவில்லை. ராணிதான் என் கட்டைவிரல் இரண்டையும் பிடித்துப் பிரித்தாள். சுவருக்கு ஒரு ஆள் நீளம் இருக்கும்போது ட்ரோன் நின்றது.

"ஏண்ணா, ஸ்கூட்டர்லயும் பயந்தா இப்டித்தான் ஆக்சிலேட்டர முறுக்கிக்கினே போவீங்களா?" என்றாள்.

நான் ரிமோட்டை அவளிடம் கொடுத்தேன். எங்கள் செட்டில் யாரிடம் கொடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

ராணி ஒரு பேட்டரி முழுக்க புல்தரைமேலேயே ஓட்டினாள். மேலே, கீழே, இடம், வலம். பயம் வந்தபோதெல்லாம் விரலை எடுத்தாள். அது நின்றது. இரண்டாவது பேட்டரி மாட்டியதும், "இப்ப காட்டுங்கண்ணா, அவன் எங்கெங்க எறங்குவான்?" என்றாள். கயிறு விழப்போகும் வரிசைகளைக் கைநீட்டிக் காட்டினேன். ட்ரோனைக் கட்டடத்திலிருந்து நன்றாகத் தள்ளியே வைத்து, மாடி மாடியாக நிறுத்திப் போட்டோ எடுத்தாள். இந்தத் தேனீக்குச் சத்தம் ஆகாது.

முதல் வரிசையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது வரிசையில், ஒன்பதாவது மாடி சஜ்ஜாவின் அடியில் கறுப்பாக ஒன்று தொங்கியது. ஈரச்சாக்கு மாதிரி.

"பெயின்ட்காரங்க விட்டுட்டுப் போன சாக்கா இருக்கும்க்கா" என்றான் பிரபு.

ராணி படத்தைப் பெரிதாக்கினாள். "சாக்கு இல்ல."

பிறகு திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கறுப்பின்மேல் மேலிருந்து கீழாக ஒரு அலை ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. தேனீ மிரண்டால் இப்படித்தான் செய்யும்.

"அக்கா, ட்ரோன பின்னாடி எடுங்க. மெதுவா எடுங்க" என்றான் பிரபு.

எடுத்தாள். அவசரப்படவில்லை. ட்ரோனைப் புல்தரையில் இறக்கி, இறக்கைகள் நின்ற பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அவரு எவ்ளோ கிட்ட பாத்திருப்பாருண்ணா?"

"ஒரு கை நீளம்."

தலையாட்டினாள். பிரபு எங்கேயோ போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

பிறகு விலை பேச உட்கார்ந்தோம். நான் ஒன்றுதான் கேட்டேன். "இது எப்பவாச்சும் விழுந்திருக்கா?"

"ஒரு தடவ விழுந்துச்சுண்ணா. மரத்துல. பொய் சொல்ல மாட்டேன். ஒரு கால மட்டும் மாத்தினேன். அப்பறம் நல்லாத்தான் ஓடுது, நீங்களே பாத்தீங்க."

வேண்டாம் என்றேன். ராணிக்குக் கோபம். பதினேழாயிரம் மிச்சமாகும், நன்றாகத்தானே ஓடியது, இந்தத் தம்பி மாதிரி யார் உண்மை சொல்வார்கள் என்றாள். எல்லாம் சரிதான். ஆனால் விழுந்த ஆளைத் தாங்கின கயிற்றை நாங்கள் அன்றைக்கே துண்டு துண்டாக வெட்டிவிடுவோம். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே என்ன அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்த ட்ரோனிலும் அப்படித்தான். இனி சுவர் நன்றாயிருக்கிறது என்று இது சொன்னால்தான் ஒருவன் கயிற்றில் உட்காரப்போகிறான்.

பிரபு வருத்தப்படவில்லை. போட்டோக்களை ராணியின் போனுக்கு அனுப்பினான். அசோசியேஷன் செக்ரட்டரியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் படத்தைப் பார்த்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். கீழே இருந்து ஒன்றும் தெரியவில்லை. கூடு போகும்வரை வேலை வேண்டாம் என்றார். எப்போது போகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறுபடி பஸ், மறுபடி தூண்கள். ஆறரை மணிக்கு பாய் கடையில் புதுப்பெட்டியை எடுத்தோம். உபரி இறக்கை இரண்டு செட், எழுநூறு ரூபாய். பில்லில் ராணி பேரைப் போடச் சொன்னேன். நான் ஓட்டப்போவதில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டி பார்க்க அழகான இடம். சாலை அகலம், மரம் நிறைய. எங்கள் ஒக்கலிபுரத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும், ரயில் போனால் பாத்திரம் ஆடும். ஆனால் எங்கள் கூரையில் என்ன இருக்கிறது என்று தெருவில் நின்றால் தெரியும். அங்கே குடியிருப்பவர்களுக்கே தங்கள் சுவர் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் குமாருக்குப் போன் செய்து வியாழக்கிழமை வேலை இல்லை என்றேன். கத்தினான். கூலி போச்சு என்றான். ஒரு கூட்டுக்குப் பயந்தால் இந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் இறங்குவது என்றான். ராணி எனக்கு அனுப்பியிருந்த படத்தை அவனுக்கு அனுப்பினேன். பார்த்தான்.  அதற்கப்புறம் என்னோடும் பேசவில்லை, அண்ணியோடும் பேசவில்லை. வாரம் ஒன்று ஆகிறது.

நேற்று ராணியைப் பார்த்தபோது இதைச் சொன்னேன்.

"பேசாம இருக்கட்டும்ணா" என்றாள். "ஆளு இருக்கான் இல்ல?"