கற்பூரம் காட்டாத பேட்டரி

எங்கள் வீட்டில் எந்தப் பெட்டிக்குள் எந்தக் காகிதம் வந்தாலும் அதைப் படிக்கிற ஒரே ஆள் அம்மாதான். மிக்ஸி வாங்கினால் மிக்ஸியை விட்டுவிட்டு அதோடு வந்த சின்னப் புத்தகத்தைத்தான் முதலில் எடுப்பாள். இருமல் மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட விடமாட்டாள். நாங்கள் மற்ற எல்லாரும் பொத்தானை அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்கிற பரம்பரை. ராஜகீழ்ப்பாக்கத்தில் நெல் விளைவித்து, அந்த வயலில் வீடுகள் முளைத்ததும் சிமெண்ட் கடை வைத்த குடும்பம்.

எனக்கு அப்போது எட்டு வயது. வானம் மூடினாலே எனக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். டாக்டர் ஒரு மிஷின் வாங்கச் சொல்லியிருந்தார். மருந்தைப் புகைபோல் ஆக்கி, மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க் வழியாக உள்ளே அனுப்பும். ஆனால் அது ஓடக் கரண்ட் வேண்டும். அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் மத்தியானம் பாதி மருந்தில் மிஷின் நின்றுபோனது. உதடு நீலம் பாரித்த என்னை மடியில் போட்டுக்கொண்டு அம்மா ஆட்டோவில் தாம்பரத்துக்கு ஓடினாள். வேளச்சேரி ரோட்டில் நெரிசல் இருந்ததாம். எனக்கு எதுவும் ஞாபகமில்லை. திரும்பி வந்த அன்றே அம்மா தீர்மானித்துவிட்டாள், இனி இந்த வீட்டில் மிஷின் பாதியில் நிற்காது என்று.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, கடை டெம்போவிலிருந்து கழற்றிய பேட்டரியைக் கொடுத்தார். நல்ல பேட்டரிதான். அம்மா ஒரு சார்ஜரும் சின்ன இன்வெர்ட்டரும் வாங்கி வந்தாள். பிறகு அதை எங்கே வைப்பது என்று வீடே கூடிப் பேசியது. நாலு பேர் பார்க்க ஹாலில் டிவி பக்கத்தில் வைக்கலாம் என்றார் அப்பா. பூஜை அலமாரிக்குக் கீழே காலியாகத்தானே இருக்கிறது என்றாள் பெரியம்மா. அம்மா இரண்டு நாள் சார்ஜரோடு வந்த தாளைப் படித்தாள். மூன்றாம் நாள், கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு மேலே ஷீட் போட்டிருக்கும் இடத்தில், ஒரு பலகையின் மேல் என்று சொல்லிவிட்டாள். வயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் சிரித்தார்.

“இது இன்னாக்கா, கைக்குழந்தையா? காத்தாட வெளிய படுக்க வெக்கிறதுக்கு? எல்லார் வூட்லயும் உள்ளதான் கீது.”

“எல்லார் வீட்லயும் எப்படியோ இருக்கட்டும் அண்ணா. சார்ஜ் ஏறும்போது இதுலேருந்து ஒரு வாயு வருது. அது நெருப்பு பட்டா வெடிக்கும். ஒரே இடத்துல தேங்கக் கூடாது.”

அவர் சுவரில் துளை போட்டுவிட்டுப் போனார். அம்மா பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி அங்கே மாட்டினாள். சிவப்பு கிளிப் ப்ளஸ்ஸில், கறுப்பு மைனஸில். மாட்டும்போது முதலில் கிளிப், பிறகு சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்ச், பிறகு கிளிப். வளையலைக் கழற்று. தீக்குச்சி கூடாது. பேட்டரிக்கென்று விற்கிற சுத்தத் தண்ணீரை ஊற்றும்போது கண்ணில் ஆசிட் தெறிக்காமல் இருக்க அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொள்வாள். புடவையும் ஹெல்மெட்டுமாகக் கொல்லையில் நிற்கும் அம்மாவைப் பக்கத்து மொட்டைமாடியிலிருந்து பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது. அந்தக் கரண்டில் ஃபேன் போடக் கூடாது, டிவி போடக் கூடாது. மிஷினுக்கு மட்டும்தானாம். கார்ட்டூன் பாதியில் நின்று நான் வியர்த்து வழியும்போது கொல்லையில் பேட்டரி வயிறு நிரம்ப உட்கார்ந்திருக்கும். அம்மா மாதிரி கல்நெஞ்சுக்காரி ஊரிலேயே இல்லை என்று நான் நம்பினேன்.

ஆயுத பூஜை வந்தது. காலையிலேயே கரண்ட் போய் வந்தது. மேகமும் கறுத்துக் கிடந்ததால் அம்மா பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். கிரைண்டர், கத்தரிக்கோல், அப்பாவின் பைக், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் ஏறியாகிவிட்டது. பேட்டரி மட்டும் மொட்டையாக இருந்தது. எனக்கும் பெரியப்பா மகளுக்கும் பாவமாகிவிட்டது. அம்மாவின் பழைய புடவைகளை எடுத்து வந்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டினோம். மாவிலைத் தோரணம் தொங்கவிட்டோம். கல்யாண மண்டபம் தோற்றது. உள்ளே பேட்டரி களக் களக் என்று குமிழிவிட்டுக்கொண்டிருந்தது.

“பாருடி, சாமி மந்திரம் சொல்லுது,” என்றாள் அவள்.

கடைப் பூஜையை முடித்துக்கொண்டு பெரியப்பா வந்தார். எங்கள் மண்டபத்தைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். தட்டில் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தி, ஒரு கையால் புடவையை விலக்கிக் குனிந்தார். அடுப்படி வாசலில் அம்மா சுண்டல் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

“மாமா, வேணாம்!” என்று கத்தினாள். கணவரின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள், அதுவரை அவரிடம் குரல் உயர்த்திப் பேசியதும் இல்லை. அவர் திரும்புவதற்குள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தட்டை இழுத்து, எரிகிற கற்பூரத்தின் மேல் வலது உள்ளங்கையை வைத்து அமுக்கினாள்.

தீ அணைந்தது. அம்மா எங்கள் புடவைகளைப் பறபறவென்று பிய்த்து எறிந்தாள், காற்று வர ஒரு நிமிஷம் நின்றாள், அப்புறம் சார்ஜரின் சுவிட்சை அணைத்தாள், அப்புறம்தான் கிளிப்பைக் கழற்றினாள். அந்த நேரத்திலும் அட்டையில் எழுதிய வரிசை மாறவில்லை.

“இன்னாம்மா பண்ட்ட நீ? நல்ல நாளும் அதுவுமா கற்பூரத்த அணைச்சிட்டியே!”

“வாயு தேங்கியிருந்துச்சு மாமா. வெடிச்சிருக்கும். குழந்தைங்க நின்னுட்டிருந்தாங்க.”

“எத்தினி வருசமா வண்டிக்கெல்லாம் காட்டிகினு வரேன், எது வெடிச்சுது?”

“வண்டி சார்ஜ்ல இல்லையே மாமா.”

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என் பேட்டரிக்கு நான் கற்பூரம் காட்டக் கூடாதா? சாயங்காலம் வந்து எடுத்துகினு போறேன்,” என்று சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். அப்பா இரண்டு பக்கமும் பேசாமல் தரையில் சிதறிய சுண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குழாயடியில் நெடுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாமி குற்றத்தைக் கழுவுகிறாள் என்று நினைத்தேன். என் மண்டபத்தைப் பிய்த்தவளோடு இனிமேல் பேசுவதில்லை என்றும் முடிவு செய்தேன்.

சாயங்காலம் தூறல் விழுந்தது. கரண்ட் போனது. அரை மணியில் எனக்கு நெஞ்சு இறுக ஆரம்பித்தது. அம்மா கொல்லைக்கு ஓடி இன்வெர்ட்டரைப் பேட்டரியோடு இணைத்தாள். மிஷின் உறுமியது. என்னைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, மாஸ்க்கை என் முகத்தில் வைத்து இடது கையால் பிடித்தாள்.

இடது கை! ஒரு சாக்லேட்டைக்கூட இடது கையால் வாங்கினால் மண்டையில் குட்டுகிறவள் அவள். காலையில் செய்ததெல்லாம் போதாதென்று இப்போது இதுவா? எனக்கு மூச்சைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. மாஸ்க்கைத் தள்ளிவிட்டேன்.

“சோத்தாங்கையால புடி.”

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கை மாற்றிக்கொண்டாள். மாஸ்க் லேசாக நடுங்கியது. வேண்டுமென்றே சரியாகப் பிடிக்கமாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன்.

பல வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு எனக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தபோது, முன்பே வைத்துக் கழுவியிருந்த அம்மாவின் வலது உள்ளங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் வழவழவென்று மினுங்கியது. அங்கே மட்டும் சிவக்கவே இல்லை. அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து அழுதேன். மருதாணி கலைகிறதென்று எல்லாரும் திட்டினார்கள்.

அந்தச் சாயங்காலம் எனக்கு எதுவும் தெரியாது. பெரியப்பா சொன்னபடியே பேட்டரியை எடுத்துப்போக வந்தார். கையில் ஸ்பானர் இருந்தது. வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். பிறகு மாஸ்க்கைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஸ்பானரை டிவி மேல் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“குடும்மா, நான் புடிச்சிக்கிறேன். நீ போய் அதுக்கு மருந்து எதனா போடு.”

வலது கையால் மாஸ்க்கை வாங்கி, என் முகத்தில் அழுத்தமாக, நேராகப் பிடித்தார். நம் வீட்டில் பெரியப்பா ஒருத்தருக்குத்தான் மரியாதை தெரியும் என்று நினைத்தபடி, நான் நிம்மதியாக மூச்சை இழுத்தேன்.