வெட்டிய ஓரம்

மலைப் பனிக்கும் சினிமாப் புகைக்கும் வித்தியாசம் தெரியாமல் போன காலை ஒன்று எனக்கு உண்டு. வெள்ளிமலைக்கு மேலே ஒரு சரிவில் கூரைகளைப் போட்டு, பாதியைக் கரியாக்கி, போரில் எரிந்த ஊர் என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புகை மிஷினை நிறுத்திய பிறகும் வெள்ளையாக ஏதோ ஒன்று கூரைகளுக்கு நடுவே நிதானமாக நடந்துகொண்டிருந்தது. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன்; அந்தப் படக்குழுவுக்கு ஓடிய ஜீப் டிரைவர். பிரேக் பிடிக்குமா, மண் சரியுமா என்று நாள் முழுக்கப் பயப்படுகிறவன். இப்போது அங்கே வெறும் சாமைக் கொல்லைதான். தெரிந்தும், கடக்கும்போதெல்லாம் அந்தக் கூரைகளைக் கண் தேடுகிறது.

ஸ்டில் எடுக்க வந்தவரைப் போட்டோ மேடம் என்போம். திருக்கோவிலூர்க்காரர். அதற்கு முன் பல வருடம், நிஜமாகவே சண்டை நடந்த நாடுகளில் பத்திரிகைகளுக்காகப் படம் எடுத்தவர். செட்டில் அவர் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும், ஓரத்தில் ஒரு லைட் ஸ்டாண்டோ மடக்கு நாற்காலியோ வேண்டுமென்றே விழுந்திருக்கும். "இன்னா மேடம், நல்ல படத்த இது கெடுக்குதே" என்றேன். "இருக்கட்டும்ண்ணே. அங்க நெசத்த எடுத்த அதே கையிதான இங்க இதையும் எடுக்குது? ஓரத்துல இது இருந்தாதான் அது வேற, இது வேறன்னு தெரியும்" என்றார்.

முகத்தில் கரி பூசிய ஒரு மலையூர்ப் பெண் ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு நிற்கிற படம் எனக்குப் பிடித்துப்போனது. கேட்டதும் போனில் அனுப்பினார். வலது ஓரத்தில் டீ கேன். அழகுக்காகத்தான் அதை வெட்டினேன். 'வெள்ளிமலையில் இன்று' என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தேன். படத்தின் கீழே சின்ன எழுத்தில் போட்டோ மேடத்தின் பெயர் அப்படியே இருந்தது.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு திரும்புகையில், மலையடிவாரத்தில், கரும்பு வெட்டும் கூலிக்கு மலையிலிருந்து இறங்கியிருந்த ஓர் அம்மா வண்டியை மறித்தார். ஒரு கையில் கரும்பு வெட்டும் கத்தி, மறு கையில் போன். போனில் அதே படம். மேலே யாரோ 'எரிக்கப்பட்ட ஊர்' என்று எழுதியிருந்தார்கள்.

"எம்பொண்ணு நிக்கிறா பாரு. ஊரே எரிஞ்சிப் போச்சாமே."

"அது சினிமாம்மா."

"நீ பாத்தியா?"

"பாத்தேம்மா."

"பாத்துட்டா வண்டி ஓட்டிக்கினு இருக்க?"

ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் பனி. ஒவ்வொரு வெள்ளைத் திட்டையும் அவர் புகை என்றே பார்த்தார். சிறிது நேரத்தில் எனக்கும் அது புகையாகவே தெரிந்தது. மேலே மகள் கரி முகத்தோடு பொங்கல் தின்றுகொண்டிருந்தாள். "இன்னாம்மா, கூலிய வுட்டுட்டா வந்த?" என்றாள். அந்த அம்மா எச்சில் தொட்டு மகளின் கன்னத்தைத் தேய்த்தார். கரி கலைந்து தோல் தெரிந்த பிறகுதான் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"எவன்டா இத வெளிய வுட்டது?" என்று கத்தினார் படக்கம்பெனி மேனேஜர். போட்டோ மேடம் அந்த அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தார். அவர் பார்வை வலது ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. என் பக்கம் திரும்பவே இல்லை. "என் படந்தாங்க. நான்தான் குடுத்தேன்" என்றார்.

அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள். நான்தான் கீழே இறக்கினேன். சிக்னல் கிடைத்ததும் அவர் போன் ஓயாமல் அடித்தது. எரிந்த ஊர் வெறும் சினிமா என்பது அதற்குள் பத்திரிகைகள் வரை போயிருந்தது. எல்லாரும் கேட்டது ஒன்றே போலிருக்கிறது: சண்டை நாடுகளில் எடுத்த பழைய படங்களும் இப்படித்தானா? "இல்லைங்க. அந்தப் படத்துல இருந்த புள்ள செத்தது நெசம். நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார். அடுத்த அழைப்புக்கும் அதையே, அதே மெல்லிய குரலில் சொன்னார். வெட்டியது நான்தான் என்று அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். அப்புறம் வளைவுகள் முடிந்து, ரோடு நேராகிவிட்டது.