முள் இறங்கிய மாதம்

அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகிற ரோட்டில், சுண்ணாம்புக்கல் லாரிகள் வேகம் குறைத்துத் திரும்பும் வளைவுக்குப் பக்கத்தில் கண்ணகியின் வீடு. அந்த ரோட்டில் குடியிருக்கிற பெண்களைச் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் கண் முதலில் மூடியைத்தான் தேடும். கண்ணகி தண்ணீர்க் குடத்தைத் தட்டுப்போட்டு மூடி, தட்டின் மேல் துணி கட்டுவாள். அரிசி டிரம்மின் விளிம்பில் கோதுமை மாவைப் பிசைந்து அப்பி வைப்பாள். ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு ஒட்டியாயிற்று. அப்படியும் காலையில் தலையணையைத் தட்டினால் வெள்ளையாகப் பறக்கும். அவள் கணவர் இளவரசன் அதே ரோட்டில் டிப்பர் ஓட்டுகிறவர் என்பதால், தூசியைப் பற்றி அவரிடம் முறையிடவும் வழியில்லை.

ஒரே மகன் முத்தமிழ்செல்வன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். வீட்டில் கூப்பிடுவது செல்வா. அவன் போகும்போது விட்டுவிட்டுப் போனது, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கிற பழைய மாருதி எண்ணூறு. பார்க்கத்தான் எண்ணூறு, உள்ளே இருப்பது வேறொரு பெரிய காரின் எஞ்சின். ஒரு கோடை முழுக்க அந்தக் கொட்டகையிலேயே கிடந்து அதைப் பொருத்தினான். இடம் பத்தாமல் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற சேம்பரை வெட்டி ஒட்டினான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஆயில் பிரஷர் காட்டுகிற வட்டமான கேஜ் ஒன்றை மாட்டினான். கொட்டகைக்குள் அது உறுமும்போது அடுப்படியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். "பக்கத்து வூட்டு ஆடு குட்டி போட்டுடும்டா" என்று இளவரசன் கத்துவார். அதற்காகவே இன்னொரு மிதி மிதிப்பான்.

போகும்போது அம்மாவுக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். முள் முதலில் நாலைத் தாண்டி நிற்கும். எஞ்சின் சூடானதும் இரண்டுக்கு வந்து நிற்கும். ஒன்றுக்குக் கீழே போனால் உடனே ஆஃப் பண்ணிவிட வேண்டும். கார் ஓட்டத் தெரியாத கண்ணகி இதை மட்டும் பிசகாமல் கற்றுக்கொண்டாள்.

செல்வா கெட்ட பிள்ளை இல்லை. ஞாயிறு சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டியாம்மா, அப்பா எங்க, மழை உண்டா. பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிடுவார்கள். வைத்துவிடுவான். அதற்கப்புறம் கண்ணகி கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருப்பாள். அவளாகக் கூப்பிட்டதே கிடையாது. வேலையில் இருப்பான், சூப்பர்வைசர் திட்டுவான் என்று அவளே ஒரு காரணம் வைத்திருந்தாள்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, முள் இறங்கிற்று. இரண்டில் நிற்க வேண்டியது நிற்காமல், ஒன்றையும் தாண்டிக் கீழே போய், சிவப்பு விளக்கு எரிந்தது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அன்று செல்வா கூப்பிட்டதும், மழை கேள்விக்கு முன்னாலேயே இதைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டதற்கு அவன், "இருய்யா, வரேன்" என்றான். கண்ணகி அதுவரை கேட்டிராத வார்த்தை அது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போன் வந்தது. முதல் நாள் ஆயில் அளவு காட்டுகிற குச்சியை உருவிப் பார்க்கச் சொன்னான். சரியாக இருந்தது. அடுத்த நாள், அப்பா லாரி ஆயிலை ஊற்றித் தொலைத்தாரா என்று விசாரித்தான். இளவரசன் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு காரை வீடியோவில் காட்டச் சொன்னான். பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் போனை நீட்டுவாள். இன்னும் கீழே காட்டும்மா, இடது பக்கம்மா, உன் விரலை எடும்மா. அதற்கு நடுவில், அவன் அறையில் கூட இருக்கிற தஞ்சாவூர்ப் பையன் வைக்கும் ரசத்தைப் பற்றி வரும், பட்டறையில் காலில் இரும்பு விழுந்து நகம் போனது வரும். நகம் போய் நாலு மாசம் ஆகியிருந்தது. இதையெல்லாம் இவன் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான் என்று கண்ணகி நினைத்துக்கொள்வாள்.

சாயங்கால வேலைகளை மதியமே முடித்துவைக்கப் பழகினாள். புடவை மாற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போவதைப் பார்த்து இளவரசன், "எஞ்சினுக்குப் பொண்ணு பாக்கப் போறியா?" என்றார்.

செல்வா சொல்லி, அவன் சிநேகிதன் தர்மன் பெரம்பலூரிலிருந்து வந்தான். நாலு ரோட்டுப் பக்கம் சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறவன். கேஜ் பொய் சொல்கிறதா என்று பார்க்க, எஞ்சினில் சிவப்பு விளக்குக்கான சுவிட்சைக் கழற்றிவிட்டு அங்கே தன் கேஜைத் திருகி ஓடவிட்டான். அதிலும் முள் முதலில் ஏறி நின்று, சூடானதும் தளர்ந்து விழுந்தது.

"பொய் இல்ல பெரியம்மா. நெசமாவே பிரஷர் இல்ல" என்றான். "கிராங்க் பேரிங் தேஞ்சிருக்கும்னு படுது. சூட்டுல எண்ணெய் இளகும். பேரிங் தேஞ்சிருந்தா சந்துல ஒழுகிரும். திரும்ப எஞ்சின் ஆறினாத்தான் முள்ளு ஏறும்."

பேரிங் என்றால் எஞ்சினை இறக்கி, முழுக்கப் பிரிக்க வேண்டும். செல்வா இல்லாமல் அதில் கைவைக்கத் தர்மனுக்கு மனசில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றான் செல்வா. அந்த யோசனை ஒரு வாரம் நீண்டது, போனும் நீண்டது.

இடையில் ஒரு நாள் அவன் கூப்பிட நேரமாகிவிட்டது. முள் விழுவதை அவனுக்கு நேரில் காட்டலாமென்று முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணியிருந்தவள், சிவப்பு விளக்கு வந்ததும் அணைத்தாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சாவியைத் திருப்பினாள். முள் ஜம்மென்று எழுந்து நின்றது. எஞ்சின் ஆறவேயில்லை, பானட்டில் கை வைக்க முடியாத சூடு. பார்த்துக்கொண்டேயிருக்க, மெல்ல மெல்ல இறங்கிற்று. அணைத்தாள். பொறுத்தாள். திருப்பினாள். மறுபடியும் எழுந்தது.

கண்ணகிக்கு இதைப் பார்த்த ஞாபகம் இருந்தது. அவள் பிறந்த வீட்டுக் கிணற்று மோட்டாரில், அடியில் இருக்கிற ஃபுட்வால்வின் சல்லடையை இலை அடைத்துக்கொண்டால் இப்படித்தான். தண்ணீர் குழாய் நிறைய வரும், வரவரச் சிறுக்கும். மோட்டாரை நிறுத்தினால் உறிஞ்சிப் பிடித்திருந்த இலை உதிர்ந்துவிடும். திரும்பப் போட்டால் பழையபடி கொட்டும். இங்கேயும் அடியில் என்னவோ அடைக்கிறது. எண்ணெயை உறிஞ்சுகிற இடத்தில் சல்லடை ஒன்று உண்டென்று செல்வாவே சொல்லியிருக்கிறான். பேரிங் தேய்ந்திருந்தால் இந்தச் சூட்டில் முள் எழுந்திருக்காது.

போன் வந்தது. சொல்ல வாயெடுத்தவள், "ஏன் இவ்ளோ நேரம்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும். சல்லடைதான் கோளாறு என்றால் தர்மன் ஒரு காலைப் பொழுதில் சரிபண்ணிவிட்டுப் போய்விடுவான். அப்புறம் சாப்பிட்டியாம்மா, அப்பா எங்க, மழை உண்டா.

வியாழக்கிழமை செல்வாவின் குரல் சோர்ந்து வந்தது. வண்டியை விற்றுவிடலாமென்று முடிவு பண்ணிவிட்டானாம். ஆண்டிமடத்தில் அரவிந்தன் என்று ஒருவர், எஞ்சின் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வந்து இழுத்துக்கொண்டு போவார். "நான் வந்துதான் என்னம்மா பண்ணப்போறேன், அங்க எனக்கு வேற என்ன இருக்கு" என்றான், ஏதோ யோசனையில்.

கண்ணகி கொட்டகையைப் பார்த்தாள். கார் போய்விட்டால் மிஞ்சுவது எண்ணெய்க்கறை படிந்த தரை.

"பேரிங் இல்லடா தம்பி" என்றாள். "சூடா இருக்கறப்பவே அணைச்சுட்டுப் போட்டா முள்ளு ஏறுது. கெணத்து மோட்டாரு மாதிரி. சல்லடைல என்னமோ அடைக்குது."

அவன் திரும்பச் சொல்லச் சொன்னான். போட்டுக் காட்டச் சொன்னான். முள் எழுவதையும் விழுவதையும் பார்த்துவிட்டு, "ம்மா, இத எப்ப கண்டுபுடிச்ச?" என்றான்.

"இன்னிக்குத்தான் தோணுச்சு" என்றாள் கண்ணகி.

மறுநாள் காலையிலேயே தர்மன் வந்துவிட்டான். எண்ணெயை வடித்து, சேம்பரை இறக்கி, சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். சாம்பல் நிறத்தில் ரப்பர் துணுக்குகள், அரைத்த மாவில் கலந்த தோல் மாதிரி, வலையெல்லாம் அப்பியிருந்தன. எண்ணெய் கசியாமல் சேம்பரை ஒட்டுகிற பேஸ்ட், காய்ந்து ரப்பராகி, அதன் உள்விளிம்பைச் சுற்றிலும் விரல் தடிமனுக்கு இருந்தது; பாதி உதிர்ந்துபோயிருந்தது.

"கண்டிஷன் பிரமாதம். பேரிங்குக்கு ஒண்ணுமில்ல" என்று போனில் காட்டினான் தர்மன். "இதென்னடா செல்வா, பேஸ்ட்டா, சப்பாத்தி மாவா?"

"நான் நூலு மாதிரிதான்டா போட்டேன். எவன் போட்டது?"

கண்ணகிக்கு அந்த மதியம் கண் முன்னால் வந்தது. பேஸ்ட்டைச் சேம்பரில் இழுத்துவிட்டு, போல்ட் எடுக்க உள்ளே போயிருந்தான் செல்வா. எட்டிப் பார்த்தவளுக்கு அந்த மெல்லிசுக் கோடு போதாதென்று பட்டது. இந்த ரோட்டில் அதற்குள் தூசி போகாமல் இருக்குமா? ட்யூபைப் பிதுக்கி, அரிசி டிரம்முக்கு மாவு அப்புவது போல, விரலாலேயே உள்பக்கம் முழுக்கப் பூசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு குழம்பு இறக்கப் போய்விட்டாள்.

"நான்தான்டா" என்றாள். "தூசி போயிடக்கூடாதேன்னு."

செல்வா சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. முறுக்கிக்கொண்டிருந்த இளவரசன் அதற்கப்புறம் முதல் தடவையாகக் கொட்டகைக்குள் வந்து, சல்லடையை வாங்கிப் பார்த்தார். "நல்ல வேளை, சோத்துப் பானைக்குப் போடல" என்றார்.

சல்லடை சுத்தமாயிற்று. பேஸ்ட்டைச் சுரண்டி, தர்மனே நூல் மாதிரி புதிதாகப் போட்டான். அது காயும்வரை கண்ணகியைக் கொட்டகைப் பக்கம் விடவில்லை. ஆண்டிமடத்துக்காரரை வரவேண்டாமென்று செல்வா சொல்லிவிட்டான்.

அதன்பின் சாயங்காலங்கள் பழையபடி ஆயின. சனிக்கிழமை போன் வரவில்லை. வரவேண்டிய காரணமும் இல்லை. பகலிலேயே முடித்துவைத்த வேலைகளில் எதையாவது திரும்பச் செய்யலாமா என்று பார்த்தாள். டிரம் விளிம்பு மாவைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக அப்பினாள். ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டான். சாப்பிட்டியாம்மா, அப்பா எங்க. மழை பெய்ததா என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள்.

போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். ஸ்டார்ட் பண்ணினாள். நாலைத் தாண்டி எழுந்தது முள். சூடானதும் இரண்டுக்கு வந்து நின்றது. வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடவிட்டுப் பார்த்தாள். நின்ற இடத்தைவிட்டு அது அசையவில்லை.

மடியில் கிடந்த போனை எடுத்து, அவளாகவே கூப்பிட்டாள்.

"என்னம்மா? என்னாச்சு? திரும்ப எறங்குதா?" பதறிக்கொண்டு எடுத்தான் செல்வா.

"எறங்கல. நல்லாத்தான் நிக்குது. அதச் சொல்லலாம்னுதான்."

அவன் பின்னால் இரும்பை இரும்பால் அடிக்கிற ஓசை கேட்டது. வைத்துவிடுவான் என்று நினைத்தாள்.

"எஞ்சின் ஓடுதாம்மா இப்ப?"

"ஓடுது."

"போன வெளில நீட்டிட்டு ஆக்சிலேட்டர மிதிம்மா. சத்தம் கேக்கணும்."

மிதித்தாள். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

"இன்னொருக்கா" என்றான்.

உள்ளே அடுப்படியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. "யாரு அது, பெட்ரோல் என்ன கொழாயிலயா வருது?" என்று இளவரசன் சத்தம் போட்டார். கண்ணகி இன்னொரு மிதி மிதித்தாள்.