நைசே ஆற்றின் இந்தக் கரை வரை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம், லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து நைசே ஆற்றைப் பார்க்கப் போனேன். சுற்றுலா இல்லை. அதற்கு முந்திய மாதம், போலந்திலிருந்து ஜெர்மனிக்குள் வருவதற்காக அதில் நீந்திய என் தம்பி கவி மூழ்கிப் போனான். கூட வந்து கரையேறியவன்தான் எனக்குப் போன் எடுத்துச் சொன்னான்.

விக்டோரியா பஸ் நிலையத்திலிருந்து பெர்லினுக்குக் கோச்சில் ஏறக்குறைய இருபது மணித்தியாலம். போகவர அப்போது எழுபது பவுண். அங்கிருந்து தென்கிழக்கே இருநூறு கிலோமீற்றர். காரில் கூட்டிப் போனவர் குணம் அண்ணை, நண்பனின் உறவினர், ஜெர்மன் கடவுச்சீட்டு உள்ளவர்.

நைசே செக் நாட்டு மலைகளில் பிறந்து, வடக்கே ஓடி, ஜெர்மனிக்கும் போலந்துக்கும் எல்லையாகி, ஓடர் ஆற்றில் சேர்கிறது. எல்லைக்கோடு நடுத்தண்ணீரில். அகலமென்று பார்த்தால் எங்கள் கடைத்தெரு இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? கடலில் நீந்தி வளர்ந்தவன், அக்கரை தெரிகிறதே என்று நம்பிவிட்டான். "அண்ணை, எங்கட கடலுக்கு முன்னால இது வாய்க்கால். யோசியாதேங்கோ" என்றான் கடைசிப் போனில். சித்திரையில் மலைப்பனி உருகி இறங்கும் வேகம் அவனுக்கு எப்படித் தெரியும்?

உடல் போலந்துக் கரையில் ஒதுங்கியது. அங்கேயே ஊர்க் கல்லறையில் புதைத்துவிட்டார்கள். கொள்ளியும் இல்லை, வாய்க்கரிசியும் இல்லை. கொழும்பில் இருந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவன்ர மண்ணில ஒரு பிடி அரிசியெண்டாலும் போடு ராசா."

அரிசி பையில் இருந்தது. போலந்து விசா இல்லை. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் தந்த அகதிப் பயணப் பத்திரம் இந்தக் கரை வரைக்கும்தான். எல்லைப் பாலத்துக் காவலரிடம் கெஞ்சினேன். தலையாட்டி மறுத்தார்; அவரிடம் கோபம்கூட இல்லை.

குணம் அண்ணை கையை நீட்டினார். "தாரும் தம்பி. நான் போட்டிட்டு வாறன்."

"நீங்கள் என்ன உறவுமுறையில போடுவியள்?"

"அதை அங்க ஆர் கேக்கப் போகினம்?"

கொடுத்தேன். பின்னேரம் வரை கரையில் இருந்தேன். வாத்துகள் இரண்டு நாட்டுக்கும் போய்ப் போய் வந்தன. அவற்றின் மேல்கூட எரிச்சலாக வந்தது.

திரும்பி வந்தவர் காரில் ஏறாமல் நின்றார். "பேர் ஒண்டும் இல்லைத் தம்பி. பக்கத்தில பக்கத்தில மூண்டு மேடு. எது கவியெண்டு கல்லறையில இருக்கிறவைக்கும் தெரியேல்லை. மூண்டுக்கும் பிரிச்சுப் போட்டனான்."

இன்று அந்தப் பாலத்தை யாரும் நடந்து கடக்கலாம். பனி உருகும் மாதங்களில் மட்டும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். மற்ற இரண்டு மேட்டிலும் கிடப்பவர்களைத் தேடி யாருமே வரவில்லையென்று கல்லறைக் காவலர் குணம் அண்ணையிடம் சொன்னாராம். என்னைப்போல் யாரையாவது தேடிப் போகிறவர்கள், அரிசியைக் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டு போங்கள்.