உபயம் எழுதாத பெட்டிகள்

பிளைவுட்டின் ஓரத்தை யாரும் பார்க்க விரும்புவதில்லை. பண்டாரவளையில் ஹோட்டல்களுக்கு அலமாரி செய்யும் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட கட்டளை, ஓரத்தை மறை என்பதுதான். வெட்டிய இடத்தில் வெளுப்பும் பழுப்புமாக அடுக்குகள் தெரியும். அதன்மேல் மெல்லிய பட்டி ஒட்டி, முழுதும் ஒரே மரம் என்று எல்லவுக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரனை நம்ப வைக்க வேண்டும். எனக்கோ அந்த அடுக்குகளைத்தான் பிடித்திருந்தது.

மிஞ்சிய துண்டுகளை முதலாளி விறகுக்கு ஒதுக்குவார். நான் கேட்டு வாங்கி, பஸ் கண்டக்டரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு, பெரகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்ப்பேன். அந்தத் துண்டுகளை வைத்துத்தான் தோட்டத்துக் கோயிலுக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி செய்தேன். அப்பாவின் தலையில் ஒரு பரிவட்டம் ஏற வேண்டும், அதற்காகத்தான் செய்தேன். பக்தி என்று சொன்னால் பொய்.

அப்பா தப்பு அடிப்பவர். சாவுக்கும் சாமிக்கும் எங்கள் குடும்பம்தான் அடிக்க வேண்டும் என்பது தாத்தாவுக்கும் முந்திய ஏற்பாடு. கூப்பிட்டால் போக வேண்டும். கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். திருவிழாவில் பூ கொடுத்தவர், சாப்பாடு கொடுத்தவர் என்று உபயகாரர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் வாசித்து, சாமிக்கு முன்னால் நிறுத்தி, தலையில் பரிவட்டமாகச் சிவப்புப் பட்டுத் துணி கட்டித் தேங்காய்த் தட்டைக் கையில் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் அப்பா வாசலுக்கு வெளியே தப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு வயிறெரியும். அவருக்கு எரிந்ததா என்று நான் கேட்டதில்லை.

பெரிய பலகை இல்லாதவன் பெட்டி செய்ய ஒரு வழி உண்டு. சின்னத் துண்டுகளைச் சேர்த்து, நடுவில் வெற்றிடம் விட்ட சட்டங்களாக வெட்ட வேண்டும். எல்லாம் ஒரே அளவு. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் பெட்டி தானாக உயரும். செங்கல் வைப்பது போல, ஒரு சட்டத்தின் மூட்டுக்கு நேர்மேலே அடுத்ததன் மூட்டு வரக்கூடாது. ஒரு பெட்டிக்கு இருபத்திரண்டு சட்டம் பிடித்தது. அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் என்னிடம் இரண்டுதான் இருந்தது. அம்மியைத் தூக்கி வைத்தேன், உர மூட்டையை வைத்தேன். போதவில்லை. கடைசியில் அப்பாவே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எவ்வளவு நேரம்டா உக்காரணும்?"

"காயிற வரைக்கும்."

"இந்தப் பனியில அது மாசிக்குத்தான் காயும்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்.

மலிவு பிளைவுட்டின் உள்ளே பொந்து இருக்கும். வெளியே தெரியாது. ஸ்பீக்கர் பாடத் தொடங்கியதும் அந்த இடம் தகரம் போல அதிரும். ஒவ்வொரு பொந்தையும் குத்தித் தேடி, மரத்தூளும் பசையும் பிசைந்து அடைத்தேன். பிறகு முரட்டு சாண்ட் பேப்பரில் தொடங்கி, கன்னத்தில் வைத்தால் உறுத்தாத அளவுக்குத் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. முதலில் அடித்த வார்னிஷ் பனிமூட்டத்தில் சிக்கிப் பால் மாதிரி வெளுத்துவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே அத்தனையையும் சுரண்டி எடுத்தேன். அப்புறம் ஒரு வெயில் நாளுக்குக் காத்திருந்து மறுபடியும் அடித்தேன். இந்த முறை அடுக்குகள் வெளுப்பும் பழுப்புமாகப் பளிச்சென்று எழுந்தன. பட்டி எதுவும் ஒட்டவில்லை. பதுளையில் வாங்கிய ஸ்பீக்கர்களைப் பூட்டிப் பாட விட்டபோது ஓர் அதிர்வும் இல்லை. கர்வமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

கோயில் தலைவரிடம் போனேன். அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர். அப்பாவை "நீ" என்பார். அப்பா அவரை "நீங்க" என்பார்.

"தலைவரே, ரெண்டு ஸ்பீக்கர் பொட்டி. எங்க அப்பா பேர்ல உபயமா எழுதிக்கங்க. இந்த வருஷம் அவரு அடிக்கல. ஒங்களோட முன்னால நிக்கட்டும்."

"அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி" என்றார். பெட்டியைத் தடவிப் பார்த்தார். "அருமையா இருக்கு. நீயே வந்து கரண்டு குடுத்துரு."

உபயகாரர் பெயர் எழுதும் கொப்பி அவர் பக்கத்திலேயே கிடந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி நானும் நிற்கவில்லை. பாத்துக்கலாம் என்றால் சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்த மடத்தனம் என்னுடையது.

அப்பாவுக்குப் பண்டாரவளையில் கரை வைத்த புது வேட்டி எடுத்தேன். தப்பை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "சரி, நீ இவ்வளவு சொல்ற. இந்த வருஷம் அடிக்க மாட்டேன்" என்றார்.

திருவிழா அன்று மத்தியானப் பூசை முடிந்ததும் தலைவர் மைக்கைப் பிடித்தார். பூ உபயம். அன்னதான உபயம். ஜெனரேட்டர் உபயம். வாழைமரம் வெட்டிக் கொடுத்தவருக்குக்கூடப் பெயர் வந்தது. ஒவ்வொரு பெயரும் என் பெட்டிகளில்தான் ஒலித்தது, வெட்டி வைத்தது போலத் தெளிவாக. ஒவ்வொருவராகத் தலையில் துணி கட்டிக்கொண்டு திரும்பினார்கள். கடைசிப் பெயருக்குப் பிறகு தலைவர் மூச்சு வாங்கினார். அப்பா ஓர் அடி முன்னால் வைத்துவிட்டார். கொப்பி மூடப்பட்டது.

அந்த ஓர் அடியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தலைவரிடம் ஓடினேன்.

"தலைவரே, பொட்டி உபயம் வாசிக்கலயே?"

"அது எப்படி தம்பி உபயமாகும்?" என்றார். "சத்தம் ஒங்க வீட்டுப் பொறுப்புதானே. காலங்காலமா நீங்க செய்றது. அப்பன் தப்பு அடிச்சான், நீ ஸ்பீக்கர் கட்டிருக்க. அதப் போய் உபயத்துல எழுதுவாங்களா?"

குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். கேலி செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"ஒங்கப்பன் எங்க? தேரு கெளம்பணும், இன்னும் தப்பு காய்ச்சலயா?"

நான் நேரே பெட்டிகளிடம் போய் வயரைப் பிடித்தேன். இழுப்பதற்குள் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடுடா. சாமி தேர்ல ஏறியாச்சு."

"அடிக்க மாட்டேன்னு சொன்னீங்கல்லப்பா."

"சொன்னேன். அத்தன பேரும் நம்மளப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்கடா."

அவர் லயத்துக்குப் போய்த் தப்பை எடுத்து வந்தார். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே வைக்கோல் கொளுத்தி, தோல் இறுகத் தப்பைக் காய்ச்சினார். கரை வைத்த இடத்தில் கரி பட்டது. அவர் குனிந்து பார்க்கவில்லை.

முதல் அடி விழுந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், மைக்கைக் கொண்டுபோய் தப்புக்குப் பக்கத்தில் பிடித்தார். அப்பாவின் தப்பு என் பெட்டிகளில் எழுந்தது. குச்சியின் நுனி தோலில் படுவது தனியாகக் கேட்டது. அதிர்வு இல்லை, இரைச்சல் இல்லை. எங்கள் கோயிலில் தப்பு அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. தலைவர் என் தோளில் தட்டினார்.

"பாத்தியா தம்பி, ஒங்கப்பன் அடி இன்னைக்குத்தான் எடுப்பா இருக்கு!"

பெட்டிகளை அங்கேயே கோடரியால் பிளக்க வேண்டும் போலிருந்தது. பிளக்கவில்லை. தேர் நகர்ந்தது, அதற்கு முன்னால் அப்பா அடித்துக்கொண்டே நடந்தார். அப்பாவுக்குப் பரிவட்டம் வாங்கிக் கொடுக்கப் போன நான், அவர் தப்பை இன்னும் நான்கு லயத்துக்குக் கேட்க வைத்துவிட்டு நின்றேன்.