திருப்பிக் கொடுக்க வேண்டிய பூசணிக்காய்

ஏலம் கூறுகிறவனுக்கு முதலில் வேண்டியது தொண்டை. அறிவெல்லாம் பிறகு அடிபட்டு அடிபட்டு வரும். கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் அலுமினியச் சட்டி விற்று, பொலிசுக்கு ஓடி, மழைக்கு ஒதுங்கி, கடைசியில் சொந்தமாக ஒரு கடை போட்டவன் நான். ஆனால் இங்கே சொல்ல வந்தது அந்த வியாபாரத்தைப் பற்றியல்ல. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது எங்கள் கிறிஸ்தவ ஆலயம். அங்கே அறுப்பின் பண்டிகை அன்று ஏலம் கூறுவது என் சம்பளமில்லாத தொழில். வருடத்தில் ஒரே ஒரு ஞாயிறு. பாடகர் குழுவுக்கு என் குரல் ஆகாது. வேதம் வாசிக்க விட்டால் சந்தையில் நிற்பது போல இருக்கிறதாம். ஆலயத்தில் எனக்கென்று இருக்கிற இடம் அந்த ஒரு ஞாயிறுதான்.

போன மாதம் ஆலயக் கமிட்டியின் வட்ஸ்அப்பில் ‘வரும் ஆண்டுக்கான புதுப்பித்தல் திட்டம்’ என்று ஒன்று வந்தது. முதலாவது, பாட்டு வரிகள் தெரிய ஒரு திரை. இரண்டாவது, வாலிபருக்குக் கிற்றார். மூன்றாவது, மாதம் ஒருமுறை தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆராதனை. நாலாவது, அறுப்பின் பண்டிகை ஏலத்தை நிறுத்துவது. ஆலயக் கமிட்டியில் இருந்து பிரஷர் குளிசை போடத் தொடங்கியவர்களே, உங்களுக்கு என் நிலைமை விளங்கும். அதை வாசித்த நாளிலிருந்து பழைய ஏலங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

ரயிலுக்கு மேலே

நான் அந்த ஆலயத்துக்கு வந்த காலத்தில் ஏலம் கூறியவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியர். அருமையான தமிழ். “அன்பான சபையாரே, இம்முருங்கைக்காய்க் கட்டினைப் பெற விரும்புவோர் தம் விருப்பத்தைத் தெரிவிக்கலாம்” என்பார். சொல்லி முடிக்க முதல் கரையோர ரயில் வந்துவிடும். அது போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்று, திரும்பவும் ‘அன்பான சபையாரே’யிலிருந்து தொடங்குவார். முருங்கைக்காய் வாடிக்கொண்டிருக்கும்.

வியாபாரிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு வேதனை என்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது ரயில் வந்தபோது என்னால் முடியவில்லை. கடைசி வாங்கிலில் உட்கார்ந்திருந்தவன் எழும்பி நின்று, “இருநூறு, இருநூறு, அங்கால ஆர் முன்னூறு? அக்கா, கை தூக்கினீங்களோ, கொண்டையைச் சரி பண்ணினீங்களோ?” என்று ரயிலுக்கு மேலாகக் கத்திவிட்டேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது இருந்த பழைய போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: “அங்க நிண்டு கத்திற ஆளை இங்க வந்து நிண்டு கத்தச் சொல்லுங்கோ.”

நாலாம் மாடி விளைச்சல்

அறுப்பின் பண்டிகை என்றால் வயலிலும் தோட்டத்திலும் விளைந்ததில் முதற்பலனைக் கொண்டுவந்து படைக்க வேண்டும். எங்கள் சபையோ ஃபிளட்டுகளில் இருக்கிற சபை. நாலாம் மாடியில் என்ன விளையும்? பல்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. ஆகவே சனிக்கிழமை பின்னேரம் எல்லோரும் வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குப் போய், பேரம் பேசி விளைச்சலை வாங்கி, ஞாயிறு காலையில் பக்தியோடு படைத்து, ஆராதனை முடிய அதையே ஏலத்தில் பல மடங்கு விலைக்கு வாங்குவோம். அதிலும் எங்களிடம் ஒரு வழக்கம். வாங்கியவர் பொருளைக் கொண்டு போகமாட்டார். காசைக் கொடுத்துவிட்டு, பொருளைத் திரும்பவும் முன்னுக்குக் கொண்டுவந்து வைப்பார். நான் திரும்பவும் ஏலம் கூறுவேன். கடைசியாக வருகிற பெரிய பூசணிக்காய் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லோரும் களைத்த பிறகு கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகும்.

ஒருமுறை மார்க்கெட்டில் எனக்குப் பூசணிக்காய் விற்ற சிங்களவர் தற்செயலாக ஒழுங்கையால் வந்தவர், சத்தம் கேட்டு வாசலில் நின்று முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “மாத்தயா, நேத்து இந்தக் காய்க்கு என்னோட அவ்வளவு சண்டை போட்டது. இன்னைக்கு அதே காய்க்கு அஞ்சு மடங்கு குடுக்குது. ஒங்க கோயில்ல எனக்கும் ஒரு கடை போட எடம் இருக்கா?”

சேவல்

கொச்சிக்கடைப் பக்கமிருந்து வந்து சேர்ந்த ஒரு குடும்பம், உயிரோடு ஒரு சேவலைக் காணிக்கையாகக் கொண்டுவந்தது. காலைக் கட்டி முன்வாங்கிலுக்குக் கீழே வைத்தார்கள். பாட்டு முடியும்வரை நல்ல பிள்ளையாக இருந்தது. பாவ அறிக்கை ஜெபம் தொடங்கி சபை அமைதியானதும் ஒரு கூவல். சேவல் கூவியதைக் கேட்டு, குருவை மறுதலித்ததற்காக வெளியே போய் அழுத சீடனின் கதையை ஞாயிறு பாடசாலையிலேயே படித்தவர்கள் நாங்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டோம் என்று தோள்கள் குலுங்கியதில் தெரிந்தது.

ஜெபம் தொடர்ந்தது. திரும்பவும் கூவியது. பழைய போதகர் ஐயா கண் திறக்காமலே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மைக்கை மூடியதாக நினைத்துக்கொண்டு அவர் என் காதில் சொன்னதை முழுச் சபையும் கேட்டது: “தம்பி, இப்பவே இதை வித்துப்போடு. இன்னொருக்காக் கூவினால் நான் வெளியில போய் அழவேண்டி வரும்.”

எதிராளி

ஓய்வுபெற்ற கணக்காளர் நவரத்தினம் ஐயாவும், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அருளானந்தம் ஐயாவும் வருடம் முழுக்க ஒரே வாங்கிலில் இருப்பார்கள். அறுப்பின் பண்டிகை அன்று மட்டும் ஆளுக்கொரு பக்கம். கப்பல் வாழைக்குலை வந்தால் சபை நிமிர்ந்து உட்காரும். ஒருவர் ஐநூறு என்றால் மற்றவர் அறுநூறு. பழத்தில் இருவருக்கும் ஆசையில்லை. இருவருக்கும் சீனி வருத்தம், நீரிழிவு. மற்றவனை மேலே ஏற்றிவிட்டுத் தான் இறங்கிக்கொள்வதுதான் சந்தோஷம். நான் ஏலம் கூறக் கற்றுக்கொண்டதே அந்த இருவரின் முகத்தைப் பார்த்துத்தான்.

பிறகு சபை மெலியத் தொடங்கியது. பிள்ளைகள் போனார்கள், பின்னால் பெற்றோரும் போனார்கள். அருளானந்தம் ஐயா ரொறன்ரோவுக்கு மகளிடம் போன வருடம், வாழைக்குலையைத் தூக்கிக் காட்டினேன். நவரத்தினம் ஐயா ஐநூறு என்றார். எதிர்ப்பக்கம் பார்த்தார். சத்தமில்லை. நானும் வேண்டுமென்றே இழுத்தேன். “ஒருதரம்” என்றேன். “ரெண்டுதரம்” என்றேன். என் சுத்தியல் மேலே போனபோது அவர் தடியை ஊன்றி எழும்பினார். “நில் தம்பி. அவன் இருந்தால் இதுக்கு அறுநூறு கேட்டிருப்பான். எனக்கு எழுநூறு எண்டு போடு.”

வீட்டுக்குப் போன பூசணிக்காய்

அந்தக் காலத்தில்தான் செல்வி வந்தாள். ஹற்றன் பக்கத்துப் பிள்ளை. காலி வீதியில் ஒரு சாறிக் கடையில் வேலை. பாமன்கடையில் ஓர் அறையில் தாயோடு இருந்தாள். எங்கள் ஆலயத்துக்கு அவள் வந்த முதல் ஞாயிறே அறுப்பின் பண்டிகை. பூசணிக்காய் வழக்கம்போல ஒரு டொக்டரிடம் போய்த் திரும்பி வந்தது. ஓர் என்ஜினியரிடம் போய்த் திரும்பி வந்தது. அடுத்த சுற்றில் செல்வி கை தூக்கினாள். புதுப்பிள்ளை என்று ஒருவரும் மேலே கேட்கவில்லை. காசைத் தட்டில் போட்டாள். திருப்பி வைப்பாள் என்று சபை சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. அவள் காயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தலையசைத்துவிட்டு, வாசலால் போய்விட்டாள்.

சுத்தியலும் கையுமாக நான் பின்னால் ஓடினேன். பஸ் எடுத்துவிட்டது. என் கோபம் உங்களுக்குத் தெரியாது. அன்று பின்னேரமே, அவளைச் சாறிக் கடையில் கண்டிருந்த என் மனைவி சொல்ல, கடைக்காரரிடம் விசாரித்து அறையைக் கண்டுபிடித்துப் போனேன். கதவு திறந்ததும் வழக்கத்தையும், முதியோர் இல்லத்தையும், பரம்பரையாக நாங்கள் செய்து வருவதையும் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். உள்ளே தேங்காய்ப்பாலில் பூசணிக்காய் கொதிக்கிற மணம். செல்வி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டாள். “வாங்குனத தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கணும் அண்ணே. இப்ப ஆக்கியாச்சி. ஒக்காந்து சாப்பிட்டுட்டு ஏசுங்க.”

நாலாவது விடயம்

திட்டத்தை முடிவு செய்கிற கூட்டத்துக்கு நான் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். சட்டியில் விழுந்த நெளிவை எடுக்கிற மரச் சுத்தியல் அது. நடைபாதைக் காலத்திலிருந்து என்னோடு இருக்கிறது. ஏலத்துக்கும் அதுதான். மேசையைச் சுற்றி இந்த வருடம் வந்த இளம் போதகர் ஐயா, வங்கியில் வேலை செய்கிற காரியதரிசி நிரோஷினி, நவரத்தினம் ஐயா, மாதர் சங்கத்தின் சார்பில் செல்வி. ஆம், அதே செல்விதான். இப்போது வருடாவருடம் பூசணிக்காய் கொண்டுவருகிறவளே அவள்தான். முதல் மூன்று விடயமும் சுகமாகப் போய்விட்டன. திரைக்கு நானே கை தூக்கினேன்.

நாலாவது வந்தது. “அங்கிள், கோவிக்காதேங்கோ” என்றாள் நிரோஷினி. “ஏலம் முடிய ரெண்டு மணித்தியாலம் ஆகுது. கைக்குழந்தையோட வாற ஆக்கள் பாதியில எழும்பிப் போயினம். போனில ஸ்கேன் பண்ணிக் காணிக்கை அனுப்பினால் ஒரு நிமிசம்.” அதில் பிழை சொல்ல ஏலாது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

“பத்து வருசம் விடுங்கோ ஐயா, பிறகு நிப்பாட்டுவம்” என்றேன் போதகரிடம்.

“அண்ணை, இது யாவாரம் இல்லை.”

“சரி, அஞ்சு.”

“அண்ணை.”

“மூண்டு. இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது.”

“வாக்கெடுப்புக்கு விடுவம்” என்றார் அவர், அமைதியாக. அந்த அமைதிதான் என்னைக் கிளப்பிவிட்டது. சுத்தியலை எடுத்து மேசையில் போட்டேன். “இந்தாங்கோ. ஏலம் வேண்டாமெண்டால் இதுவும் எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தேன். சபையில் எனக்கிருந்த இடத்தை அந்த மேசையில் போட்டுவிட்டுப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்க ரோஷம் விடவில்லை.

பின்னால் டொக் என்று ஒரு சத்தம். செல்வி.

“மரச் சுத்தியல் ஒண்ணு. கைபட்டுக் கைபட்டு வழுவழுன்னு இருக்கு. கத்துற ஆளு கூட வராது, சுத்தியல் மட்டுந்தான். நூறு ரூவா.”

“இருநூறு” என்றார் நவரத்தினம் ஐயா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

“முன்னூறு” என்றாள் நிரோஷினி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசற்படியில் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே நின்றேன். செல்வி போதகரைப் பார்த்தாள். அவர் எங்கள் ஏலத்தைக் கண்டதேயில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஐநூறு” என்றார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். அவர் காசை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு சுத்தியலை எடுத்து, வெகு கவனமாகத் தன் பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினார். சபை ஒருநாள் செல்வியைப் பார்த்த அதே சிரித்த முகத்தோடு எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஐயா, இங்க வாங்குனத வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது” என்றாள் செல்வி. “திருப்பிக் குடுக்கணும். நானும் ஒருக்கா தெரியாமத் தூக்கிட்டுப் போயிட்டேன்.”

அவர் சற்று நேரம் பையைப் பார்த்தார். சிப்பைத் திறந்தார். எழும்பி வாசலுக்கு வந்து சுத்தியலை என் கையில் வைத்தார்.

“ஒரு வருசம் அண்ணை. ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிக்கோணும்.”

“ஒண்டரை” என்றேன்.

“ஒண்டேகால். இதுக்கு மேல எனக்குக் கட்டாது.”

கடையில் விற்ற சட்டி திரும்பி வந்தால் சண்டைக்குப் போகிற நான், ஆலயத்தில் மட்டும் விற்றதெல்லாம் திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்த்தே இத்தனை வருடம் தொண்டையைக் கெடுத்துக்கொண்டேன்.