மாதவராஜ் மேஸ்திரி வாங்கிய காலி இடம்

பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றி மாதவராஜ் மேஸ்திரி கட்டிய வீடுகளைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மொட்டைமாடியில் ஒவ்வொரு பில்லரிலிருந்தும் நான்கு கம்பிகள் ஆளுயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பின்னாளில் மேல்தளம் எடுப்பதற்கு. மற்ற மேஸ்திரிகளும் கம்பி விடுகிறவர்கள்தான். மாதவராஜ் கோழிக்கூண்டுக்கும் விட்டார். "மேல எடுக்க வசதி இருக்கணுமுங்க" என்பதைத் தவிர அவருக்கு வேறு கொள்கை கிடையாது. ஒரு மனிதனுக்கு ஒரு கொள்கை போதும். இரண்டு இருந்தால் அவை தங்களுக்குள் சண்டை போடும்.

மனைவி சசிகலா அங்கன்வாடி ஊழியர். பகலில் குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுப்பவர், சாயங்காலமானால் செல்போனில் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருப்பார். சுவர், படி, தளம் என்று நொடியில் கட்டி ஏறி, உயரத்திலிருந்து சுடும் விளையாட்டு அது. பொம்மிடியில் நர்ஸாக இருக்கும் ஜாஸ்மின் அவருக்குக் கூட்டாளி. இருவரும் ஒரு போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்துவிட்டார்கள். இறுதிச் சுற்றைக் கம்ப்யூட்டரில்தான் ஆட வேண்டும் என்பது விதி. ஞாயிறு காலை பதினொரு மணி.

திங்கட்கிழமை மேஸ்திரியும் சசிகலாவும் தர்மபுரிக்கு பஸ் ஏறினார்கள். கடைக்காரர் அருள்குமார் ஒரே விலையில் இரண்டு கம்ப்யூட்டர்களை மேசைமேல் வைத்தார்.

"இந்தச் சின்னதுல வெளையாட்டு வேகமா ஓட நல்ல கிராபிக்ஸ் கார்டு இருக்குதுங்கண்ணா. வூட்டுக்குப் போனதும் ஆடலாம். ஆனா பின்னால எதையும் சேர்க்க முடியாது, உள்ள எடமில்ல. அந்தப் பெருசுல கார்டு இல்ல, அப்புறமா வாங்கிப் போட்டுக்கலாம். மெமரிக்கான ராம் சொருகவே மூணு ஸ்லாட் காலியா கெடக்குது."

மேஸ்திரி பெரியதின் பக்க மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே பெரும்பாலும் ஒன்றுமில்லை. இடுப்பிலிருந்து டேப்பை உருவி அந்த ஒன்றுமில்லாததை அளந்தார்.

"காத்தோட்டம் அருமை" என்றார்.

"ஏங்க, நான் ஆடறதுக்கா, குடி போறதுக்கா?"

"கார்டு பொங்கலுக்குப் போட்டுக்கலாம் சசி. எடம் அப்புறம் கெடைக்காது."

"போட்டி ஞாயித்துக்கெழம."

"உனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

பில் போடும்போது அருள்குமார் சசிகலாவிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கலாங்கக்கா."

பெரியது வீட்டுக்கு வந்தது. மூடி கழற்றியபடியே இருந்தது, பார்க்க வருகிறவர்களுக்காக. எதிர்வீட்டு பச்சியப்பன் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"இன்னும் எத்தன ராம் போடலாங்க மேஸ்திரி?"

"மூணு."

"அடேயப்பா!"

திரையை யாரும் பார்க்கவில்லை. அதில் சசிகலாவின் சிப்பாய் ஒவ்வொரு அடிக்கும் யோசித்துக்கொண்டிருந்தான். அவன் துப்பாக்கியைத் தூக்கும் முன் செத்துவிட்டான். செத்த செய்தியும் தாமதமாகவே வந்தது. போனில் ஜாஸ்மின் கேட்டார்: "அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கறேன் புள்ள. இன்னும் வந்து சேரல."

சனிக்கிழமை காலை சசிகலா மொட்டைமாடியில், கம்பிகளுக்கு நடுவே கட்டிய கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி ரெட் ஆக்சைடு டப்பாவோடு ஏறி வந்தார். துருப்பிடிக்காமலிருக்க வருஷத்துக்கு ஒருமுறை கம்பிகளுக்குப் பூசுவது அவர் வழக்கம்.

"இதுவரைக்கும் எத்தன வூடு கட்டியிருப்பீங்க?"

"நாப்பத்தொண்ணு."

"எத்தன வூட்டுக்கு மாடி வந்துச்சு?"

மேஸ்திரி விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். "பொம்மிடியில ஒண்ணு. தகரம் போட்டாங்க."

"பதினெட்டு வருசமா இந்தக் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கறீங்க. நான் நிக்கற சமையக்கட்டுச் சொவத்துக்கு என்னிக்காச்சும் அடிச்சிருக்கீங்களா? உங்க மாடி எப்ப வேணா வரட்டும். எனக்கு நாளைக்குப் பதினோரு மணிக்கு வேணும்."

மேஸ்திரி டப்பாவைத் திறக்காமலே ஓரமாக வைத்தார். கீழே இறங்கினார். பெரிய பெட்டியை மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு தர்மபுரிக்குப் போனார்.

"சின்னதுல ஒரு ஸ்லாட்டுகூடவா காலி இல்ல?"

"இல்லீங்கண்ணா."

"வருங்காலத்துல?"

"வருங்காலத்துல வேற வாங்கிக்கலாங்கண்ணா."

ஆபரேஷனுக்குச் சம்மதம் தெரிவிப்பவர்போல மாற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மேஸ்திரி டீ டம்ளரோடு சசிகலாவின் பின்னால் நின்றார். திரையில் சுவர் எழுந்தது. படி எழுந்தது. தளம், அதன்மேல் சுவர், மறுபடி தளம். நான்கு மாடி ஆனதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"சசி, கம்பி விடல."

"வேணாங்க."

"அப்ப அஞ்சாவது மாடி எப்பிடி..."

அஞ்சாவது மாடி வந்துவிட்டது. "அக்கா, ஏறுங்க, ஏறுங்க!" என்று ஜாஸ்மின் கத்தினார். ஏழாவது மாடியிலிருந்து சசிகலா கடைசி ஆளைச் சுட்டு வீழ்த்தினார். ஸ்பீக்கரில் பொம்மிடியே அலறியது.

ஜெயித்தவர்களுக்கென்று திரையில் வந்த கிரீடத்தை மேஸ்திரி பார்க்கவில்லை. அந்த ஏழு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல யாரு குடி இருப்பாங்க?"

"யாருமில்லீங்க. ஆட்டம் முடிஞ்சிபோச்சி."

கட்டடம் மறைந்தது. டீ ஆறிப்போயிருந்தது. அவர் மொட்டைமாடிக்குப் போய் ரெட் ஆக்சைடு டப்பாவை எடுத்துவந்தார். சமையலறைச் சுவரைச் சுரண்டிப் பூசத் தொடங்கினார். சாயங்காலம் சசிகலா வந்து பார்த்தபோது சுவர் செங்காவி நிறத்தில் பளபளத்தது. மேலே மட்டும் ஒரு முழம் பூசாமல் விட்டிருந்தது.

"அது என்னங்க?"

"பின்னால அடிச்சிக்கலாம்" என்றார் மேஸ்திரி.